உள்ளதைச் சொல்லுங்க அக்கா

அம்மா அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணம் காட்சிக்கு மட்டும் பீரோவை விட்டு இறங்கும் அரக்கு நிறப் புடவை. நாங்கள் போனதோ பூந்தமல்லியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த மனநல மருத்துவரிடம். காலை பத்து மணி வெயில், மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலை, பேருந்தை விட்டு இறங்கியதும் முகமெல்லாம் புழுதி. தடுப்புப் பலகைகளுக்கு நடுவே கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா நடந்தாள். "ஏம்மா, ஆஸ்பத்திரிக்கு இதுவா புடவை?" என்று கேட்டேன். "நம்மளப் பத்தி கேக்குற எடத்துக்கு ஒயுங்கா போவணும்டி" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மருத்துவரின் சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆவடி வரை வந்து, மறுபடி முத்தாபுதுப்பேட்டைக்குப் போய் எடுத்து வந்திருந்தேன். எடுத்துத்தான் வந்தேனா என்று கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அம்மாவின் புடவையைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்?

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், காப்பீட்டுக்காக வரும் மருத்துவமனைக் காகிதங்களைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. சரிபார்க்கும் வேலைக்கு என்னைப் போய் எடுத்தார்களே என்று எனக்கே சிரிப்பு வரும். ஒருவருடைய ஸ்கேன் அறிக்கையை இன்னொருவர் கோப்பில் ஏற்றியது மூன்றாவது முறையாக நடந்தபோது, என்னைவிடப் பதினைந்து வயது இளையவளான டீம் லீடர் தனியறைக்குக் கூப்பிட்டாள். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, எந்த இடத்தில் தலையாட்டுவது, எப்போது 'சாரி' சொல்வது எல்லாம் அத்துப்படி. அவள் திட்டவில்லை. "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்றாள். கவனக் குறைபாட்டுக்கு டாக்டர்கள் வைத்த பெயராம், ஏ.டி.எச்.டி. என்று ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டை அன்று மாலைக்குள் தொலைத்துவிட்டேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மறதியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்தான் சிரிக்க வைப்பேன், அது ஒரு தற்காப்பு. அதற்குப் பின்னால் இருக்கும் களைப்பைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கேஸை அணைத்தேனா என்று பாதிப் படியில் நின்று மறுபடி மேலே ஏறுவேன். அணைத்துத்தான் இருப்பேன். இறங்கி வந்தால் கைப்பை மேலேயே இருக்கும். வண்டிச் சாவி வண்டியிலேயே தொங்கும். அதை எடுத்துவந்து கொடுக்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. என் கணவர் தங்கமான மனிதர். கல்யாணமான இரண்டாம் மாதமே தனக்கென்று தனியாக ஒரு சாவிக்கொத்து செய்துகொண்டார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்கள் காலையில் எழுந்து சாதாரணமாகச் செய்யும் நாலு காரியத்தைச் செய்து முடிப்பதற்குள் எனக்கு அன்றைய தெம்பு முழுவதும் போய்விடும். அதற்குப் பிறகுதான் அலுவலகம்.

இதற்கெல்லாம் அம்மா வைத்திருந்த பெயர் திமிர். மறதி என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மறதி வயசானவர்களுக்கு வருவது. ஒருமுறை பார்த்த சினிமாவின் கதையை வசனத்தோடு ஒப்பிக்கும் பத்து வயதுப் பெண்ணுக்கு, டிபன் பாக்ஸின் மூடி மட்டும் எப்படி மறக்கும்? "வேணும்னு பண்றா. ஒடம்பு பூரா திமிரு" என்பாள் அப்பாவிடம். என்னிடம் சொல்வதற்கு விசிறிக் காம்பு இருந்தது. பனையோலை விசிறி கிழிந்து போனாலும் அதன் காம்பை அம்மா தூக்கிப் போடமாட்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அது எப்போதும் சாய்ந்திருக்கும். முன்கையில்தான் அடிப்பாள், முகத்தில் அடித்ததில்லை. அடிகூடப் பரவாயில்லை, ஆறிவிடும். அந்த வார்த்தைதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வளர்ந்து, படித்து, கல்யாணமாகி, வேலைக்குப் போன பிறகும் ஒவ்வொரு தவறு நடக்கும்போதும் எனக்குள் அது கேட்கும். மருத்துவரிடம் போனது மாத்திரைக்காக இல்லை. வேலைக்காகக்கூட முழுக்க இல்லை. நான் திமிர் பிடித்தவளா இல்லையா என்று, விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மருத்துவர் ஒரேயடியாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடவில்லை. தைராய்டுக்கு ரத்தம் பார்க்கச் சொன்னார். தூக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா என்று துருவினார். பக்கம் பக்கமாகக் கேள்வித்தாள் கொடுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'மிக அடிக்கடி' வரை கட்டங்கள். நடுவில் ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். பிறகு விளக்கினார். இது வளர்ந்த பிறகு புதிதாக முளைப்பது இல்லையாம். பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டுமாம். அதனால் சின்ன வயதில் என்னைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் வந்து அங்கிருக்கும் உளவியல் நிபுணரிடம் பேச வேண்டும். பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு இருந்தால் இன்னும் நல்லது. கண்டதையும் தொலைக்கிறேன் என்று வந்து நிற்பவளிடம் முப்பது வருஷத்துக் காகிதத்தைக் கேட்டால் எங்கே போவேன்? அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மிச்சம், எங்களோடு இருக்கும் அம்மாதான்.

முந்தின நாள், என்னைப் பற்றிக் கேட்பார்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்; முழு விஷயத்தையும் போகும்போது பேருந்தில்தான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கவனம் நிற்கவில்லை, அதனால் வேலையில் தப்பு வருகிறது, ஆபீஸில் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள், அங்கே ஒரு மேடம் என்னைப் பற்றிக் கேட்பார்கள் என்று ஆரம்பித்து, எதிர்ச் சீட்டில் இருந்த குழந்தை என்னைப் பார்த்து நாக்கை நீட்டியதில் நடுவில் எதையோ விட்டுவிட்டேன். கடைசியில், "நீ எதையும் யோசிக்காதே. உள்ளதைச் சொல்லு, போதும்" என்று முடித்தேன். அம்மா என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "எனக்குத் தெரியாதாடி? நீ ஒண்ணியும் கவலப்படாத. நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் முகத்தில் வெகுநாளாகப் பார்க்காத ஒரு மிடுக்கு இருந்தது.

அந்த 'உள்ளதைச் சொல்லு' எங்கள் குவார்ட்டர்ஸில் என்ன பொருளில் புழங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்பாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் களை பறித்தவர்கள். அப்பாதான் முதன்முதலாக ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, குவார்ட்டர்ஸ் வாங்கியவர். எங்கள் பிளாக்கில் திருநெல்வேலிக்காரர் உண்டு, தஞ்சாவூர்க்காரர் உண்டு, வேலூர்க்காரர் உண்டு. தரைத்தளத்தில், அடிபம்புக்குப் பக்கத்தில், முதல் வீடு எங்களுடையது. யார் வீட்டுப் பையனாவது அரசாங்க வேலைக்குத் தேர்வானால் வெரிபிகேஷனுக்கு ஆள் வரும். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து, பையன் எப்படிப்பட்டவன் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அவர் வருவது பகல் பதினோரு மணிக்கு. ஆண்களெல்லாம் ஷிப்டில் இருப்பார்கள். முதலில் கண்ணில் படும் திறந்த கதவு எங்களுடையது. அப்படித்தான் அம்மா அந்த பிளாக்குக்கே சாட்சி ஆனாள்.

முந்தின நாள் சாயங்காலம் பையனின் அம்மா குடத்தோடு பம்புக்கு வருவாள். "நாளைக்கு வராங்களாம். உள்ளதைச் சொல்லுங்க அக்கா" என்பாள். "உள்ளதத்தான சொல்லப் போறேன்" என்பாள் அம்மா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அதற்கு அர்த்தம், நல்லதாகச் சொல் என்பதுதான். குவார்ட்டர்ஸில் அது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் அம்மா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். போலீஸ்காரர் கேட்டதும் மூச்சு விடாமல் சொல்வாள்: "நல்ல பையன் சார். தல குனிஞ்சி போவான், தல குனிஞ்சி வருவான். ஒரு கொறையும் சொல்ல முடியாது." எங்களுக்கு மேல் வீட்டில் ஒருவன் இருந்தான். குடித்துவிட்டு வந்து பெற்ற தகப்பனின் பல்லை உடைத்தவன். சைக்கிள் ஷெட்டில் காற்றைப் பிடுங்கிவிடுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. அவனும் தலை குனிந்துதான் போனான், தலை குனிந்துதான் வந்தான். "ஏம்மா இப்படிப் புளுகுற?" என்று நான் கேட்டிருக்கிறேன். "கேக்க வந்தவரு கேட்டுட்டு பூடுவாரு. நாம இங்கதான கீறோம்? ஒருத்தன் பொயப்புல மண்ணப் போட்டுட்டு, அவங்கம்மா கூட நின்னு பம்புல எப்படி தண்ணி புடிப்ப?" என்றாள். அதில் ஒரு நியாயம் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வாரி வழங்கியவள், வீட்டுக்குள் எனக்கு மட்டும் வேறு சான்றிதழ் வைத்திருந்தாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இந்தக் கதையெல்லாம் மனதில் இருந்தும், பூந்தமல்லி மாடியில் அம்மா உள்ளே போனபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்புதான். உள்ளே பேசுவது அத்தனையும் கேட்டது. உளவியல் நிபுணர் இளம்பெண், பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா, சின்ன வயசுல இவங்க ஸ்கூல் சாமான் ஏதாவது தொலைச்சிருக்காங்களா?"

"அய்யே, இல்ல மேடம். ஒரு பென்சில் கூட தொலச்சதில்ல."

"ஒரு வேலை சொன்னா பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்களா?"

"நாம சொல்லவே வோணாம். அவளே பாத்து செய்வா."

"உக்காந்த இடத்துலயே பகல்கனவு காணுற மாதிரி…"

"சேச்சே. அந்த மாரி கெட்ட பயக்கம் எதுவும் எம்பொண்ணுக்குக் கெடையாது மேடம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வீட்டில் அடி, திட்டு உண்டா என்று கேட்டதற்கு, கை வைத்ததே இல்லை, அதற்கு அவசியமே வந்ததில்லை என்றாள் அம்மா. பிறகு குரலைச் சற்று உயர்த்தி, "நல்ல பொண்ணு மேடம். தல குனிஞ்சி போவா, தல குனிஞ்சி வருவா. ஒரு கொறையும் சொல்ல முடியாது" என்றாள். அப்போதுதான் எனக்குப் புடவை புரிந்தது, பேருந்தில் பார்த்த மிடுக்கு புரிந்தது. அம்மா வெரிபிகேஷனுக்கு வந்திருக்கிறாள். ஆபீஸ் என்ற சொல்லும், உள்ளதைச் சொல்லு என்ற சொல்லும் சேர்ந்து காதில் விழுந்தால் அவளுக்கு வேறென்ன தோன்றும்? எழுந்து உள்ளே ஓடித் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது. பொய் என்று தெரிந்தும், அம்மா வாயால் 'நல்ல பொண்ணு' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. நிபுணர் என்னைக் கூப்பிட்டுத் தாளைப் பார்த்தபடியே சொன்னாள். அம்மா சொல்வதை வைத்துப் பார்த்தால் சிறுவயதில் எந்த அறிகுறியும் இல்லை, இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு காரணங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். நான் தலையாட்டினேன். எந்த இடத்தில் தலையாட்டுவது என்றுதான் எனக்குத் தெரியுமே. படியிறங்கும்போது எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: அப்படியானால் திமிர்தான். அதைச் சொன்னவளே சாட்சிக்கு வந்து, அதையே என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாள்.

"இன்னா சொன்னாங்க? பாசா?" என்று கேட்டாள் அம்மா.

பேருந்து நிலையத்தில், பூக்காரிகளும் பட்டாணிக்காரரும் பார்க்க, நான் அவளிடம் கத்தினேன். ஏன் பொய் சொன்னாய், உன்னால் என் பிழைப்பே போகப்போகிறது என்றெல்லாம் கத்தினேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எத்தினி பேருக்குச் சொல்லி கீறேன். ஒருத்தருக்காச்சும் வேல கெடைக்காம போச்சா? நீதான உள்ளதச் சொல்லுன்ன?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வழி முழுக்க முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெம்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, எதையும் விடாமல் சொன்னேன். சிலருக்குப் பிறவியிலேயே மூளையில் கவனம் ஓரிடத்தில் நிற்காது, நினைத்தாலும் பிடித்து நிறுத்த முடியாது, எனக்கும் அப்படி இருக்குமோ என்று பார்க்கிறார்கள் என்றேன். அம்மா ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து முடித்தாள்.

"அப்போ கொற சொன்னாதான் உனக்கு நல்லதா?"

"ஆமாம்மா."

"இது இன்னாடி டாக்டரு, ஊர்ல இல்லாத டாக்டரு" என்றாள். பிறகு, "எல்லாத்தியும் சொல்லணுமா?" என்றாள்.

"எல்லாத்தையும்தான்."

"நான் பண்ணதும்?"

"அதுவும்தான்" என்றேன். கீரைத் தண்டைக் குப்பையில் போட எழுந்தபடியே, யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் எதைக் கேட்டாள் என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இரண்டாம் முறை போனபோது என்னையும் உள்ளே உட்காரச் சொன்னது அம்மாதான். நிபுணர் முதல் கேள்வியைத்தான் கேட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு வேலையே இருக்கவில்லை, எழுதுவதைத் தவிர. அம்மா மடியில் கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாம் வகுப்பில் ஒரே வருஷத்தில் ஏழு டிபன் பாக்ஸ் மூடியைத் தொலைத்தது. பாக்ஸ் வந்துவிடும், மூடி வராது. கடைசியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துத் துணியால் கட்டிக் கொடுத்தாளாம். அந்தத் துணி வரவில்லை. மண்ணெண்ணெய் வாங்க க்யூவில் நிற்கவைத்தால், இடம் பிடிக்க டின்னை வைத்துவிட்டு, க்யூ நகர்ந்ததும் டின் இல்லாமல் நான் மட்டும் நகர்ந்து போய் கவுண்ட்டரில் நின்றது. இடது கால் செருப்பு மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. எனக்கே நினைவில்லாத எத்தனையோ அவளிடம் இருந்தன. மற்ற பிள்ளைகளைப் பற்றிய குறைகளையெல்லாம் வெளியே விட்டவள் இல்லை, என்னைப் பற்றியதையும் ஒன்று விடாமல் உள்ளேயே சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"பால அடுப்புல வெச்சிட்டு, பாத்துக்கடின்னு சொல்லிட்டுப் போவேன் மேடம். பாத்துகினே இருப்பா. பொங்கி வயிஞ்சி அடுப்பே அணஞ்சிடும். அத்தயும் பாத்துகினே இருப்பா."

நிபுணர் எழுதுவதை நிறுத்தி, "அப்ப நீங்க என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"அடிப்பேன்" என்றாள் அம்மா. "விசிறிக் காம்பால அடிப்பேன். வாரத்துல மூணு நாளு, நாலு நாளு. எய்திக்கோங்க."

எனக்குத் தலை நிமிரவில்லை. நிபுணர் மெதுவாக, பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர் இருந்தார். வெள்ளை வாயில் துணிப் புடவை, எப்போதும் தொண்டை கட்டிய குரல். அவரை எனக்கு நினைவிருக்கிறது. அவர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பியது எனக்குத் தெரியாது.

"டீச்சரு சொன்னாங்க மேடம். இந்தப் பொண்ணு வேணும்னு பண்ல, அது அவ கையில இல்ல, அடிக்காதீங்க, நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க. நான் நம்பல."

"ஏன் நம்பலை?"

"கேட்டா எல்லாரும் நல்லாத்தான சொல்லுவாங்க" என்றாள் அம்மா. "நானும் அப்படித்தான சொல்லுவேன்."

எனக்கு ஆத்திரமாக வந்ததா அழுகையாக வந்ததா என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பொய்ச் சான்றிதழ் கொடுத்துப் பழகியவளுக்கு, தன் பெண்ணுக்கு ஒருவர் உண்மையிலேயே நல்லதாகச் சொன்னபோது அதுவும் ஒரு சம்பிரதாயமாகத்தான் காதில் விழுந்திருக்கிறது. அந்த ஒரு பேச்சை அவள் நம்பியிருந்தால் ஆறாம் வகுப்புக்குப் பிறகு என் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கத் தொடங்கி, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

எல்லாத் தாள்களையும் படித்துவிட்டு, அன்று மதியமே மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது. "இது சோம்பேறித்தனம் இல்ல. நீங்க அடிக்கடி சொல்றீங்களே, அந்தத் திமிரும் இல்ல" என்றார் என்னிடம். அதைக் கேட்டதும் தேம்பி அழுவேன் என்று பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எங்காவது படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது. அம்மா மருத்துவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மாத்திரை கொஞ்சம் உதவுகிறது. அலுவலகத்தில் கோப்புகளிலிருந்து தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பேசும் வேலை எனக்கு ஒத்துவருகிறது. களைப்பு போய்விடவில்லை, ஆனால் அது எதனால் என்று தெரிந்துவிட்டது. அம்மா அந்தச் சொல்லை இப்போதெல்லாம் சொல்வதே இல்லை. கைப்பையை விட்டுவிட்டு நான் படியிறங்கினால், முட்டிவலியோடு எழுந்து அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறாள். ஒரு வார்த்தை திட்டினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். திட்டமாட்டேன் என்கிறாள்.

அன்றைக்குத் திரும்பும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆவடி பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தோம். இரண்டு வண்டிகள் கூட்டமாக வந்ததால் விட்டுவிட்டோம். அம்மா திடீரென்று கேட்டாள்.

"அப்போ நீ வேணும்னு பண்லியா?"

"இல்லம்மா."

"ஒரு தபா கூடவா?"

"ஒரு தடவைகூட இல்லம்மா."

அவள் சாலையைப் பார்த்தாள். மெட்ரோ தூண்களுக்கு நடுவே லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. "அப்போ அத்தினி அடியும் சும்மாதானா?" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரியும் இல்லை.

நாற்பது வருஷமாக நான் கேட்டுத் தவித்த தீர்ப்பு கிடைத்த அரை மணி நேரத்துக்குள், அது என்னை விட்டு இறங்கி அவள் மேல் போய் ஏறிக்கொண்டது. அடிக்கவில்லை என்றால் நான் படித்திருக்கவே மாட்டேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்கு மனம் வரவில்லை, அந்த அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. பேருந்து வந்தது. ஜன்னலோரத்தில் அம்மாவை உட்கார வைத்தேன். கரையான்சாவடி தாண்டியதும் என் முன்கையைப் பிடித்து, ரவிக்கைக் கைக்குக் கீழே, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தழும்பு எதுவும் கிடையாது.

"உனுக்கு அதெல்லாம் ஞாபகம் கீதாடி?" என்றாள்.

ஒவ்வொரு அடியும் எனக்கு நினைவிருக்கிறது. எந்த மூடிக்கு, எந்தச் செருப்புக்கு, காம்பு எந்தப் பக்கமிருந்து வந்தது, அப்போது வானொலியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது வரைக்கும்.

"எனக்கு எதும்மா ஞாபகம் இருக்கு?" என்றேன். "எல்லாம் மறந்துபோச்சு."

அம்மா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மறந்துவிட்டேன் என்று நான் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?